செல்வமும் வறுமையும்: உழைப்பின் விளைவா, வாய்ப்பின் விளைவா?

(ஆண்டு விழாவை முன்னிட்டுச் சங்க மண்டபத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

புலவர்களும் பட்டதாரிகளும் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்பைத் தாண்டாமல், ரெயில் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் எழுத்தர்களாகிய எங்களில் ஒருவரையும் பேச அழைத்தது சங்கத்தின் பெருந்தன்மையைக் காட்டுகிறது. நூலறிவு கொண்டு பேச எங்களால் இயலாது. சாளரத்தின் உட்புறம் அமர்ந்து, வெளிப்புறம் நிற்கும் மக்களை நாள்தோறும் காண்பவர்கள் நாங்கள். கண்டதையும் கேட்டதையும், படித்த சிலவற்றையும் கொண்டு பேச முற்படுகிறோம்.

எடுத்துக்கொண்ட பொருள் பழமையானது. ஒருவன் செல்வனாவதும் மற்றொருவன் வறியனாவதும் அவரவர் உழைப்பினாலா, அன்றி அவரவர்க்குக் கிட்டிய வாய்ப்பினாலா? பட்டிமன்றப் பொருளாக மட்டும் இருந்தால், இரு பக்கமும் நகைச்சுவையாகப் பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். ஆனால் நமக்கு இவ்வாண்டு அது வெறும் பேச்சாக முடியப் போவதில்லை. சங்கத்தின் கல்வி நிதி பற்றிய விதியைத் திருத்த வேண்டும் என்னும் கோரிக்கை, வரும் பொதுக்குழுவின் முன் உள்ளது. குடும்பத்தின் தேவையைப் பார்த்து உதவி வழங்குவது இதுவரை இருந்த முறை. இனி 80 விழுக்காட்டிற்கு மேல் மதிப்பெண் பெற்ற மாணவர்க்கே வழங்க வேண்டும் என்பது கோரிக்கை. "உழைக்கின்ற பிள்ளைக்குக் கொடுப்போம், உழைக்காத பிள்ளைக்குக் கொடுத்து என்ன பயன்?" என்று அன்பர் பலர் கேட்கின்றனர். நிதியை வீணாக்கக் கூடாது என்னும் நல்லெண்ணத்தில் பிறந்த கேள்வி அது. எனினும் அதனுள்ளே ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது. முன்னேறியவன் உழைத்தவன், முன்னேறாதவன் உழைக்காதவன் என்பதே அந்நம்பிக்கை. அது மெய்தானா என்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் உழைப்பின் பக்கத்தைக் கூறுவோம். உழைப்பைக் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை. தகரப் பெட்டியும் ஒரு பாயுமாக இப்பெங்களூர் நகருக்கு வந்து இறங்கியவர்களின் மக்கள் நாம். தள்ளுவண்டியில் துணி தேய்த்தவர்களும், நான்கு மேசை போட்டு உணவுக்கடை நடத்தியவர்களும், ஆலைகளில் இரவு முறை பார்த்தவர்களும் நம் முன்னோரே. அவர்கள் சோம்பியிருந்தால் நாம் இன்று இம்மண்டபத்தில் அமர்ந்திருக்க மாட்டோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை அவர்கள் வாழ்க்கையில் காட்டினார்கள்.

ஆனால் அவர்கள் ஊர்ந்த காலத்தையும் நாம் நோக்க வேண்டும். இந்நகரில் விமானத் தொழிற்சாலை 1940-இல் தோன்றியது. தொலைபேசித் தொழிற்சாலை 1948-இலும், எச்.எம்.டி. 1953-இலும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-இலும் பிறந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் திறந்த காலம் அது. பள்ளிப் படிப்பும் கைத்திறனும் உடைய இளைஞன் தொழிற்சாலை வாயிலில் நுழைந்தால், நிலையான ஊதியமும், மருத்துவ வசதியும், முதுமையில் சேமநிதியும் கிடைத்தன. அவன் மகன் கல்லூரிக்குச் சென்றான். பின்னாளில் அக்கதவுகளுள் சில மூடின, எச்.எம்.டி. கைக்கடிகாரப் பிரிவை மூட 2016-இல் முடிவாயிற்று. தந்தையின் உழைப்புக்குச் சற்றும் குறையாத உழைப்போடு இன்று ஒரு மகன் அதே வாயிலுக்குச் சென்றால் அங்குக் காவலாளிதான் இருப்பார். உழைப்பு மாறவில்லை, கதவு மாறிவிட்டது.

உழைப்பு மட்டும் செல்வம் தருமா என்பதற்கு நம் அருகிலேயே ஒரு பெரிய சான்று உள்ளது. அதுதான் கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழ் மக்கள், அவர்களுள்ளும் பெரும்பாலும் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே பூமிக்குள் இறங்கி உழைத்தார்கள். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் முறையாகச் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். சுரங்கத்தின் ஆழம் நாளடைவில் 3 கிலோமீட்டரையும் தாண்டியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் மனிதன் அங்கே நிற்க முடியும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடிக்கும். வெடிக்காத நாளிலும் கல்தூசு மூச்சோடு நுரையீரலுக்குள் போய்ப் படியும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு இரையானவர்கள் எத்தனையோ பேர்.

இதனினும் கடுமையான உழைப்பு உலகில் உண்டா? ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அங்கிருந்து வெளிவந்த தங்கம் சுமார் 800 டன் என்பர். சுரங்கப் பொறிகளை இயக்குவதற்காகவே 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததோ 1905-இல்தான். அவ்வளவு பெருமை வாய்ந்த தொழில் அது. தங்கத்தின் பயன் இலண்டனிலிருந்த பங்குதாரர்க்கு ஈவுத்தொகையாகச் சென்றது. அதிகாரிகளுக்குப் பங்களாக்களும் மன்றங்களும் விளையாட்டுத் திடல்களும் அமைந்தன. தங்கத்தை எடுத்தவனுக்குக் கிடைத்தவை 'லைன்' வீடுகளும் இருமலுமே. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம் நாட்டார் சொல்வது நிலத்துக்கு மேல் மட்டுமன்று, நிலத்துக்குக் கீழும் உண்மையாயிற்று.

நாடு விடுதலை பெற்றபின் 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. தொழிலாளர் நிலை ஓரளவு உயர்ந்தது, பிள்ளைகள் படித்தார்கள். 1964-இல் தோன்றிய பி.இ.எம்.எல். தொழிற்சாலை அவ்வூராருள் பலருக்கு வேறொரு கதவாயிற்று. ஆயினும் தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மீறவே, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்நாளுக்கு முன் உழைப்பாளிகளாக இருந்தவர்கள் மறுநாள் காலை சோம்பேறிகளாகிவிட்டார்களா? இல்லை. அதை எங்களைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. ஏனெனில், மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் வரும் வண்டிகளில் வருகிறவர்கள் அவர்களும் அவர்களுடைய மக்களுமே.

விடியுமுன் வண்டி ஏறி, 80 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, நகரில் பகலெல்லாம் வேலை பார்த்து, இரவில் ஊர் திரும்புவோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். கட்டட வேலை, ஆயத்த ஆடை வேலை, காவல் வேலை, கடை வேலை, அலுவலக வேலை என எல்லாம் செய்கிறார்கள். திங்கள்தோறும் சீசன் சீட்டுப் புதுப்பிக்க அவர்கள் எங்கள் சாளரத்தின் முன் நிற்பார்கள். நூறு ரூபாய்த் தாள்களையும் பத்து ரூபாய்த் தாள்களையும் ஒன்றாக மடித்து நீட்டும் கைகளைக் காண்கிறோம். சம்பள நாள் தள்ளிப் போனால், இரண்டு நாள் தனிச் சீட்டு வாங்கிச் சமாளித்துவிட்டு மூன்றாம் நாள் சீசன் சீட்டுக்கு வருவார்கள். மொத்தமாகப் பணம் கையில் இல்லாதவனுக்குச் செலவு கூடுதல் என்பதை இங்கே காணலாம். வறியவன் செலவாளி என்று நாம் எளிதாகப் பழிக்கிறோம். வறுமையே ஒரு செலவு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. வேலைக்குச் செல்லும் வழியிலேயே நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரத்தை இழக்கும் ஒருவனையும், அலுவலகத்துக்கு அருகில் வீடு உடைய ஒருவனையும் நிறுத்தி, யார் மிகுதியாக உழைக்கிறார் என்று கேட்டால் விடை என்ன? யார் மிகுதியாகப் பெறுகிறார் என்று கேட்டால் விடை என்ன? இரு விடைகளும் ஒரே மனிதரைக் காட்டுவதில்லை.

இனி எங்கள் துறையிலிருந்தே ஒரு கணக்கைச் சொல்லுகிறோம். 2019-ஆம் ஆண்டு ரெயில்வேத் துறை கடைநிலைப் பணிகளுக்கு விளம்பரம் செய்தது. இருப்புப்பாதை பராமரிப்போர், உதவியாளர் முதலிய 1,03,769 இடங்கள். பத்தாம் வகுப்பே அடிப்படைத் தகுதி. விண்ணப்பித்தோர் தொகை ஏறத்தாழ 1 கோடியே 15 லட்சம்! ஓர் இடத்துக்கு 110 பேர். தேர்வு நடந்து முடிந்ததோ 2022-இல். பட்டம் பெற்றவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். வேலை கிடைத்த ஒருவர் உழைத்துப் படித்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கிடைக்காத 109 பேரும் உழைக்காதவர்கள் என்று எந்த நெஞ்சால் சொல்வது? மூன்றாண்டு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த இளைஞனை, ஒரு மதிப்பெண் குறைந்ததற்காகச் சோம்பேறி என்போமா? 110 பேரும் 110 மடங்கு உழைத்தாலும், இடங்கள் அவ்வளவுதானே? உழைப்பு வரிசையில் முன்னே செல்ல உதவும். வரிசையின் நீளத்தைக் குறைக்க அதனால் இயலாது. அதைக் குறைப்பது அரசும் சமுதாயமும் செய்ய வேண்டிய பணி.

"ஏழைக் குடியில் பிறந்தும் உயர்ந்தவர்கள் இல்லையா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்டு. நம் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் அப்துல் கலாம் அவர்களை யார் மறப்பார்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் வண்டி நிற்பது தடைப்பட, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து விநியோகித்த சிறுவர் அவர். அவருடைய உழைப்புக்கு ஈடில்லை. ஆனால் சென்னையில் பொறியியல் கல்லூரியில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தபோது, தமக்கையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார் என்பதை அவரே எழுதியுள்ளார். அவ்வளையல்கள் இல்லாத வீட்டில் அவரைப் போன்ற அறிவும் உழைப்பும் உடைய ஒரு பிள்ளை பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பான்? அப்பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாமல் போனதுதான் நாம் பேச வந்த பொருள்.

மற்றொருவரைச் சொல்வோம். எழுத்தர்களாகிய எங்களுக்கு அவர்பால் தனி உரிமை உண்டு. கணித மேதை இராமானுஜன் அவர்கள் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அதற்கு முன் நடந்ததை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் அவருடைய உதவித்தொகை நின்றுபோயிற்று. பின்னர் எப்.ஏ. தேர்விலும் அவர் தேறவில்லை. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் அவரைத் தோல்வியுற்ற மாணவர் என்றே குறித்திருப்பார்கள். துறைமுகத்தில் அவருக்கு மேலிருந்த சிலர் அவருடைய ஏடுகளைப் பார்த்தார்கள், பலருக்கும் எழுதினார்கள். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்குத் திங்களுக்கு 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914-இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நாம் இப்பொழுது கொண்டுவர எண்ணும் 80 விழுக்காட்டு விதி அந்நாளில் அப்பல்கலைக்கழகத்தில் இருந்து, அதற்கு விலக்கும் இல்லாதிருந்தால், உலகம் ஒரு நல்ல துறைமுக எழுத்தரைப் பெற்றிருக்கும். கணிதம் ஓர் இராமானுஜனை இழந்திருக்கும்.

மேதைகளின் கதை எல்லார்க்கும் பொருந்தாது எனின், சாதாரணப் பிள்ளைகளின் கதைக்கு வருவோம். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் தமிழகப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வழங்கப்படுகிறது. சோறு போட்டதும் பள்ளியில் பிள்ளைகள் கூடினார்கள். அதற்கு முதல் நாள் வரை ஆடு மேய்த்த சிறுவனும், தம்பியைச் சுமந்த சிறுமியும் சோம்பேறிகளாக இருந்தார்களா? வகுப்பறையில் அமர்ந்திருந்த பிள்ளையைவிட அவர்கள் மிகுதியாகவே உழைத்தார்கள். அவர்களுடைய உழைப்பு கல்வியாக மாறுவதற்கு ஒரு தட்டுச் சோறு குறைவாக இருந்தது, அவ்வளவே. இதை உணர்ந்தவர், வறுமையால் தாமே பள்ளிப் படிப்பை இளமையில் நிறுத்திய ஒரு தலைவர்.

வள்ளுவப் பெருந்தகையும் இவ்விரு பக்கத்தையும் அறிந்தவரே. 'ஊழ்' என்று ஓர் அதிகாரம் வகுத்த அவரே 'ஆள்வினையுடைமை' என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். மனிதன் கைக்கு அடங்காத ஆற்றல் ஒன்று உண்டென்று ஒப்புக்கொண்டவர், அதன் முன் மனிதன் கைகட்டி நிற்க வேண்டும் என்று கூறவில்லை. நம் காலத்தில் அவ்வாற்றலின் பெரும்பகுதியை நாம் பெயரிட்டுச் சொல்ல முடியும். பிறந்த ஊர், பிறந்த சாதி, வீட்டிலுள்ள நிலம், தாயின் கல்வி, அருகிலுள்ள பள்ளி, அறிந்தவர் ஒருவரின் சிபாரிசு என்பன அவை. இவற்றுள் பல மனிதர் ஏற்படுத்தியவை. ஆதலின் மனிதர் மாற்றக்கூடியவை.

"வாய்ப்பே காரணம் என்று சொல்லிக் கொடுத்தால், இளைஞர் உழைப்பை விட்டுவிட மாட்டார்களா?" என்று கேட்கக்கூடும். பொருளுள்ள கேள்வி. எங்கள் மறுமொழி இது: இளைஞன் தன்னைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி வேறு, சமுதாயம் அவனைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "நாம் போதிய அளவு உழைத்தோமா?" என்று அவன் தன்னைக் கேட்கட்டும். "இவனுக்குப் போதிய வாய்ப்பு அளித்தோமா?" என்று சங்கம் தன்னைக் கேட்கட்டும். இவ்விரு கேள்விகளும் இடம் மாறினால் கேடு விளையும். அவன் வாய்ப்பைப் பழித்துக்கொண்டே சோம்புவான். நாம் அவனைப் பழித்துக்கொண்டே கடமையை மறப்போம்.

எங்கள் நிலையையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம். கடைநிலைப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரானவர்கள் எங்களுள் பலர். இரவு விளக்கில் படித்தது எங்கள் உழைப்பு. பத்தாம் வகுப்புப் படித்தவனும் மேலே வரலாம் என்று பதவிகளில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்த விதி எங்கள் உழைப்பன்று. எங்களுக்கு முன் யாரோ போராடி, யாரோ இசைந்து, யாரோ எழுதி வைத்தது. அக்கதவின் வழியே வந்தவர்கள், பின்னால் வருபவன் முகத்தில் கதவைச் சாத்தக் கூடாது.

ஆகவே பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: கல்வி நிதி தேவையின் அடிப்படையிலேயே தொடரட்டும். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டுமாயின், அது எந்த வீட்டில் பெற்ற மதிப்பெண் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தனியறையும் தனிப்பயிற்சியும் உடைய பிள்ளையின் 85-ஐயும், கடையில் மாலைவேலை செய்து, வீட்டில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளையின் 60-ஐயும் ஒரே தராசில் நிறுப்பது நீதி ஆகாது.

இரண்டு: தேர்வில் ஒருமுறை தவறியவர்க்கென நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குவோம். மறுதேர்வுக் கட்டணமும், ஒரு பாடத்துக்கு இரண்டு திங்கள் பயிற்சியும் பெருஞ்செலவல்ல. அவ்வளவு சிறிய தொகை இல்லாமையால் பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் வாழ்க்கைகள் நம் தெருக்களிலேயே உள்ளன.

மூன்று: இதற்குப் பணமும் வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் இம்மண்டபத்தில் இரண்டு மணி நேரம், வேலை விளம்பரங்களைப் படித்துச் சொல்லவும் விண்ணப்பங்களை நிரப்பவும் எங்களில் சிலர் அமரத் தயார். ரெயில்வேத் தேர்வுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பைச் சேர்ந்தோர்க்கு அத்தேர்வுக்குச் செல்ல இலவசப் பயண வசதி உண்டு என்பதும் தெரியாது. தெரியாமையும் ஒரு பூட்டிய கதவுதான். வெளியூரிலிருந்து தேர்வெழுத வருவோர் ஓரிரவு தங்க இம்மண்டபத்தின் ஒரு பகுதியைத் திறந்துவிடலாம். கன்னட மண் நம் முன்னோர்க்குத் திண்ணை கொடுத்தது. நாம் வருபவர் எம்மொழியினராயினும் திண்ணை கொடுப்போம்.

அன்பர்களே! செல்வம் பெற்றோர் தம் உழைப்பை எண்ணி மகிழட்டும். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. அதனோடு, தமக்குக் கதவு திறந்த கை எதுவென்றும் ஒரு கணம் எண்ணட்டும். அக்கை ஓர் ஆசிரியருடையதாக இருக்கலாம். அடகுக்குப் போன வளையல் அணிந்த கையாக இருக்கலாம். முகம் அறியாத ஒருவர் எழுதிய விதியாக இருக்கலாம். வரும் பொதுக்குழுவில் வாக்களிக்க உயரும் நம் கைகளும் அத்தகைய கைகளாக அமையட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!